ஆறு நகல்கள், பன்னிரண்டு நாட்கள்: 2004 சிபிஎஸ் செய்தி விவகாரம் குறித்த ஆய்வு

2004 செப்டம்பர் 8 அன்று இரவு, அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ், தனது ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சியின் புதன்கிழமைப் பதிப்பில், அன்றைய அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் இளவயது ராணுவப் பணியைப் பற்றிய செய்தித் தொகுப்பு ஒன்றை ஒளிபரப்பியது. அதிபர் தேர்தலுக்கு அப்போது எட்டு வாரங்களே இருந்தன. தொகுப்பை வழங்கியவர் டான் ராதர். அந்நிறுவனத்தின் மாலைச் செய்தியை 1981 முதல் வழங்கிவந்தவர். தயாரித்தவர் மேரி மேப்ஸ். புஷ்ஷின் மேலதிகாரியாக இருந்த லெப்டினன்ட் கர்னல் ஜெர்ரி கில்லியன் 1972, 1973 ஆண்டுகளில் எழுதியவை என்று கூறப்பட்ட குறிப்பாணைகள் அதில் காட்டப்பட்டன. நிறுவனத்தின் கைக்கு வந்திருந்த ஆறு தாள்களில் நான்கு திரையில் இடம்பெற்றன. பன்னிரண்டு நாட்கள் கழித்து, அந்தத் தாள்கள் உண்மையானவை என்று தன்னால் நிரூபிக்க இயலவில்லை என்றும், அவற்றைப் பயன்படுத்தியிருக்கவே கூடாது என்றும் சிபிஎஸ் அறிவித்தது.

இந்த விவகாரத்தைப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள்: ராதரும் மேப்ஸும் புஷ்ஷைத் தோற்கடிக்க நினைத்தார்களா? செய்தித் தொழிலில் இருப்பவர்களுக்கு இதிலிருந்து கிடைக்கக்கூடிய பாடம் அந்தக் கேள்வியில் இல்லை என்பதே என் கருத்து. ஒருவரின் மனச்சாய்வை வெளியிலிருந்து யாரும் அளந்துவிட முடியாது. ஆனால் ஒரு தாள் யாரிடமிருந்து வந்தது, அவர் அதை எங்கே பெற்றார், அதைச் சரிபார்த்தவர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்பவற்றைப் படிப்படியாகத் தொடர்ந்து சென்று பார்க்க முடியும். சிபிஎஸ் அந்தப் படிகளைக் கடக்காமலே ஒளிபரப்பியது. கேள்விகள் எழுந்தபின் அதே படிகளைத் திரும்பிப் பார்ப்பதற்குப் பதிலாக, கேட்டவர்களின் நோக்கத்தைச் சந்தேகித்தது. சார்பு என்ற குற்றச்சாட்டுக்கு வலு சேர்த்தது முக்கியமாக இந்த இரண்டாவது செயல்தான்.

செய்தியின் பின்னணி

புஷ் 1968 மே மாதம், மாநில அளவிலான பகுதிநேர ராணுவப் பிரிவான டெக்சாஸ் விமான தேசியக் காவல் படையில் சேர்ந்தார். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த காலம் அது. காவல் படையில் இடம் கிடைத்தவர்கள் போர்முனைக்கு அனுப்பப்படும் வாய்ப்பு குறைவு என்பதால் அந்த இடங்களுக்குக் கடும் போட்டி இருந்தது. எஃப்-102 ரகப் போர் விமானத்தை ஓட்டப் பயிற்சி பெற்ற புஷ், 1972-இல் ஒரு செனட் வேட்பாளரின் பிரசாரத்தில் பணியாற்ற அலபாமாவுக்குச் சென்றார். அந்த ஆண்டு அவர் மருத்துவப் பரிசோதனைக்குச் செல்லவில்லை. அதனால் விமானம் ஓட்டும் தகுதி நிறுத்திவைக்கப்பட்டது. 1973 அக்டோபரில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படிப்பதற்காகப் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

இவ்வளவும் அதிகாரபூர்வ ஆவணங்களிலேயே இருக்கின்றன. இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சிபிஎஸ் தொகுப்பு ஒளிபரப்பான அதே செப்டம்பர் 8 அன்று, ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழ், படைத்துறைப் பதிவேடுகளை ஆராய்ந்து, புஷ் தான் ஒப்புக்கொண்ட பணிக் கடமைகளை முழுமையாக நிறைவேற்றவில்லை என்ற முடிவுடன் ஒரு செய்தியை வெளியிட்டது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் பதிவேடுகளைக் கேட்டு நீதிமன்றம் சென்றிருந்தது. அதாவது கேள்வி நியாயமானது. அதை ஆராய முறையான வழியும் திறந்தே இருந்தது. எதிர் வேட்பாளரான ஜான் கெர்ரியின் வியட்நாம் போர்ப் பணியைத் தாக்கும் விளம்பரங்கள் ஆகஸ்ட் மாதம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்த சூழலில், இரு வேட்பாளர்களின் ராணுவப் பணியும் வாக்காளர்களின் பேச்சுப் பொருளாகியிருந்தது.

கில்லியன் தாள்கள் இந்தப் பதிவேடுகளுடன் மேலும் ஒன்றைச் சேர்த்தன. புஷ்ஷை மருத்துவப் பரிசோதனைக்கு வரும்படி கில்லியன் நேரடியாக ஆணையிட்டார், புஷ் அதைப் பின்பற்றவில்லை, பின்னர் புஷ்ஷின் மதிப்பீட்டை அழகுபடுத்தித் தரும்படி மேலிடத்திலிருந்து கில்லியனுக்கு அழுத்தம் வந்தது என்று அவை கூறின. கடமை தவறியது என்பதிலிருந்து ஆணையை மீறியது, சலுகை பெற்றது என்ற இடத்துக்குச் செய்தியை நகர்த்தியவை இந்தத் தாள்களே. எனவே மொத்தப் பாரமும் அவற்றின் மேல்தான் இருந்தது. கில்லியனோ 1984-லேயே இறந்துவிட்டார்.

தாள்கள் வந்த வழி

மேப்ஸுக்குத் தாள்களைத் தந்தவர் டெக்சாஸ் ராணுவ தேசியக் காவல் படையின் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். புஷ்ஷின் பணிக்கோப்புகள் ‘சுத்தம்’ செய்யப்பட்டன என்று அதே ஆண்டின் தொடக்கத்தில் பகிரங்கமாகக் குற்றம்சாட்டியவர். தகவல் தருபவருக்கு ஒரு நோக்கம் இருப்பது புதிதல்ல. நோக்கமே இல்லாதவர்கள் செய்தியாளரைத் தேடி வருவது அரிது. ஆனால் நோக்கம் வெளிப்படையாகத் தெரிகிறபோது, அவர் கொடுப்பதை அவரது சொல்லைச் சாராமல் வேறொரு வழியில் உறுதிசெய்ய வேண்டிய கட்டாயம் இரட்டிப்பாகிறது.

செப்டம்பர் 2 அன்று இரண்டு தாள்களும், 5 அன்று மீதி நான்கும் கிடைத்தன. எல்லாமே நகல்கள். தாள்களைத் தனக்குத் தந்தவர் என்று அந்த அதிகாரி முதலில் காவல் படையில் பணியாற்றிய வேறொருவரின் பெயரைச் சொன்னார். ஒளிபரப்புக்கு முன் அந்த மனிதரைத் தொடர்புகொண்டு, ஆம், நான்தான் கொடுத்தேன் என்ற ஒரு வார்த்தையை யாரும் பெறவில்லை. பின்னர், தான் சொன்னது பொய் என்று அதிகாரியே ஒப்புக்கொண்டார். அதற்குப் பதிலாக ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். அப்படி ஒருவர் இருந்ததற்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஒளிபரப்பில் நேயர்களிடம் சொல்லப்பட்டது, இவை கில்லியனின் தனிப்பட்ட கோப்பிலிருந்து வந்தவை என்பது. அந்தக் கோப்புக்கும் சிபிஎஸ் அலுவலகத்துக்கும் இடையில் முப்பதாண்டுகளும், கண்டுபிடிக்கப்படாத ஒருவரும், உண்மை சொல்லாத ஒருவரும் இருந்தார்கள்.

சரிபார்ப்பு என்று சொல்லப்பட்டது

நான்கு ஆவண ஆய்வாளர்களை நிறுவனம் அணுகியது. இதைக் கேட்கும்போது கவனமான வேலை நடந்திருப்பதாகவே தோன்றும். ஆனால் ஒவ்வொருவரும் என்ன பார்த்தார், என்ன சொன்னார் என்று நெருங்கிப் பார்த்தால் படம் மாறிவிடுகிறது. அவர்களில் இருவர் ஒளிபரப்புக்கு முன்னரே தங்கள் ஐயங்களைத் தெரிவித்திருந்தார்கள். நிறுவனம் பெரிதும் நம்பிய ஆய்வாளர் கையொப்பத்தை மட்டுமே ஒப்பிட்டவர். நகலெடுத்த தாளை வைத்துக்கொண்டு முழு ஆவணமும் உண்மையானது என்று உறுதியளிக்க முடியாது என்று அவரே பின்னர் விளக்கினார். உண்மையான ஒரு கையொப்பத்தை எந்தத் தாளிலிருந்தும் எடுத்து வேறொரு தாளில் ஒட்டி நகலெடுக்கலாம் என்பதால், நகலில் உள்ள கையொப்பம் பொருந்துகிறது என்பது மேலே தட்டச்சு செய்யப்பட்ட வாசகத்தைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை. அப்படியிருந்தும், ஆவண நிபுணர் ஒருவர் இவற்றை உண்மையானவை என்று கருதுகிறார் எனத் தொகுப்பு நேயர்களுக்குச் சொன்னது. எனக்கு இந்த முழு விவகாரத்தில் மன்னிக்கக் கடினமானது இந்த இடம்தான். தகவல் தந்தவர் ஏமாற்றியது அவர் செய்த தவறு. ஐயங்கள் சொல்லப்பட்டும், அவற்றை மறைத்து ஒருமித்த உறுதி கிடைத்ததுபோல் காட்டியது நிறுவனத்தின் தவறு.

வேறு இரண்டு ‘உறுதிப்படுத்தல்களும்’ இதே தரத்தவை. கில்லியனுக்கு மேலதிகாரியாக இருந்த முன்னாள் ஜெனரல் ஒருவருக்குத் தாள்களின் வாசகம் தொலைபேசியில் படித்துக் காட்டப்பட்டது. தாள்கள் அவருக்கு அனுப்பப்படவில்லை. அவர் அப்போது சொன்னதை ஆதரவாக எடுத்துக்கொண்டார்கள். தாள்களைக் கண்ணால் பார்த்தபின் அவை போலியானவை என்று அவர் கூறினார். அடுத்தது வெள்ளை மாளிகை. ஒளிபரப்பு நாளின் காலையில், அதிபரின் தகவல் தொடர்பு இயக்குநர் டான் பார்ட்லெட்டிடம் நகல்களைக் கொடுத்துப் பேட்டி எடுத்தார்கள். அவர் உள்ளடக்கத்துக்குப் பதில் சொன்னார். தாள்கள் போலி என்று சொல்லவில்லை. அதையே ஒப்புதல் என்று தயாரிப்புக் குழு கருதியது. தாள்களை முன்பின் பார்த்திராத ஒரு செய்தித் தொடர்பாளர், ஒரு பெரிய நிறுவனம் சரிபார்த்திருக்கும் என்று நம்பிப் பேசினார். அவர் மறுக்கவில்லை என்று நிறுவனம் நம்பியது. இப்படி ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்க, தரையில் ஊன்றி நின்றவர் எவரும் இல்லை.

முன்பு சாதித்தவர் என்பதே சரிபார்ப்பைத் தளர்த்திவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஈராக்கில் அமெரிக்கப் படையினர் நடத்திய அபு கிரைப் சிறைச் சித்திரவதைப் புகைப்படங்களை 2004 ஏப்ரல் இறுதியில் வெளிக்கொண்டுவந்ததும் மேப்ஸும் ராதரும் சேர்ந்த இதே கூட்டணிதான். அந்தச் செய்தி ஏறக்குறைய நான்கு மாதங்களுக்கு முன் உலகையே உலுக்கியிருந்த நிலையில், அதே தயாரிப்பாளரிடம், இந்தத் தாளை யார் கொடுத்தார், அவருக்கு யார் கொடுத்தார் என்று குடைந்து கேட்க மேலிருந்தவர்களுக்கு மனம் வரவில்லை. போட்டி நிறுவனங்கள் முந்திவிடுமோ என்ற பதற்றமும் இருந்தது. கடைசித் தாள்கள் கைக்கு வந்த மூன்றாம் நாள் தொகுப்பு ஒளிபரப்பானது.

பன்னிரண்டு நாட்கள்

ஒளிபரப்பு முடிந்த சில மணி நேரத்திலேயே இணையத்தில் எதிர்ப்பு எழுந்தது. எழுத்துகளின் அகலத்துக்கேற்ப இடைவெளி மாறும் அச்சுமுறை, எண்ணுக்கு மேலே சிறிதாக ஏறி நிற்கும் எழுத்துகள் ஆகியவை 1970-களின் தொடக்கத்தில் ஒரு படைத்தள அலுவலகத் தட்டச்சில் இருந்திருக்குமா என்று கேட்டார்கள். வலைப்பதிவர் ஒருவர் அதே வாசகத்தை மைக்ரோசாஃப்ட் வேர்டு மென்பொருளின் இயல்பான அமைப்பிலேயே தட்டச்சு செய்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். வரிகள் ஏறக்குறைய அப்படியே பொருந்தின. கேள்வி எழுப்பியவர்களில் பலர் புஷ்ஷின் ஆதரவாளர்கள் என்பது உண்மை. அவர்கள் யாராக இருந்தாலும், கேள்வி தாளைப் பற்றியது. பதிலும் தாளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

எழுத்துருவைவிட எனக்கு வலுவாகத் தோன்றும் முரண்பாடு வேறொன்று. 1973 ஆகஸ்ட் 18 என்று தேதியிட்ட தாளில், புஷ்ஷுக்காக அழுத்தம் கொடுத்தவர் என்று பெயர் குறிக்கப்பட்ட தளபதி, 1972 மார்ச் மாதமே பணியிலிருந்து ஓய்வுபெற்றவர். எழுத்துருவைப் பற்றி நிபுணர்கள் வாதிடலாம். எந்தத் தட்டச்சுப் பொறியில் எந்த வசதி இருந்தது என்று மாதக்கணக்கில் பேசலாம். ஒருவர் ஓய்வுபெற்ற தேதியைப் பார்க்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஓய்வுக்குப் பின்னும் அவர் செல்வாக்கைச் செலுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம்தான். ஆனால் அந்தக் கேள்வியை ஒளிபரப்புக்கு முன் எழுப்பி, விடையையும் தேடியிருக்க வேண்டும்.

நிறுவனம் செய்தது தற்காப்பு. செப்டம்பர் 10 அன்று மாலைச் செய்தியில் ராதர் தொகுப்பை ஆதரித்துப் பேசினார். விமர்சிப்பவர்களில் அரசியல் கட்சி சார்ந்தவர்களும் இருக்கிறார்கள் என்று குறிப்பிட்டார். கில்லியனின் மனைவியும் மகனும் அவர் இவற்றை எழுதியிருப்பார் என்று நம்ப முடியவில்லை என்றார்கள். செப்டம்பர் 15 அன்று, அக்காலத்தில் அந்த அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்த 86 வயதுப் பெண்மணியை ராதரே பேட்டி கண்டார். அந்தத் தாள்களைத் தான் தட்டச்சு செய்யவில்லை, ஆனால் அதிலுள்ள கருத்துகள் கில்லியன் கொண்டிருந்தவையே என்று அவர் சொன்னார். அன்றைய ‘நியூயார்க் டைம்ஸ்’ தலைப்பு, தாள்கள் போலி, ஆனால் உள்ளடக்கம் சரி என்ற பொருளில் அமைந்தது. அவரது நினைவைத் தனியொரு சாட்சியமாக, அவர் பெயரிலேயே, அதன் வரம்புகளுடன் வெளியிட்டிருந்தால் அது மதிக்கத்தக்க செய்தி. தாள்கள் தளர்ந்தபின் அவற்றுக்கு முட்டுக்கொடுக்க அது பயன்படுத்தப்பட்டது. ஆவணத்தைக் காட்டி ஒரு கூற்றை முன்வைத்துவிட்டு, ஆவணம் விழுந்தபின் கூற்று மட்டும் நிற்கட்டும் என்று கேட்க ஒரு செய்தி நிறுவனத்துக்கு உரிமை இல்லை.

செப்டம்பர் 20 அன்று ராதர் நேயர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

சார்பு என்ற கேள்வி

குற்றச்சாட்டு வெறும் காற்றில் எழுந்ததல்ல. 1988 ஜனவரியில், ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று அந்தப் பணத்தை நிகராகுவா கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பிவிட்ட ஈரான்-கான்ட்ரா விவகாரம் குறித்து, அன்றைய துணை அதிபரும் புஷ்ஷின் தந்தையுமான மூத்த புஷ்ஷுடன் ராதர் நேரலையில் மோதியது பலருக்கு நினைவிருந்தது. 2001-இல் டெக்சாஸில், கெர்ரியின் கட்சியான ஜனநாயகக் கட்சியின் நிதி திரட்டும் கூட்டம் ஒன்றில் கலந்துகொண்டதற்காக அவர் வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. புஷ் காவல் படையில் சேர உதவியதாகத் தொகுப்பில் பேட்டியளித்த பென் பார்ன்ஸ், கெர்ரிக்காக நிதி திரட்டியவர். எல்லாவற்றுக்கும் மேலாக, தாள்களைத் தந்த அதிகாரி கேட்டுக்கொண்டதற்கிணங்க, மேப்ஸ் கெர்ரியின் பிரசார ஆலோசகர் ஜோ லாக்ஹார்ட்டைத் தொலைபேசியில் அழைத்து, அந்த அதிகாரியுடன் பேசும்படி சொல்லியிருந்தார். அதிபரைப் பற்றிய செய்தியைத் தயாரித்துக்கொண்டிருப்பவர், அதிபரின் எதிர் வேட்பாளரின் ஆலோசகருக்கும் தன் தகவலாளருக்கும் இணைப்பு ஏற்படுத்திக் கொடுத்தார். தாள்களைப் பற்றி அந்த உரையாடலில் எதுவும் பேசப்படவில்லை என்று லாக்ஹார்ட் சொன்னாலும், அந்த அழைப்பை எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

சிபிஎஸ் நியமித்த விசாரணைக் குழுவில் இருவர் இருந்தார்கள்: முன்னாள் அட்டர்னி ஜெனரல் டிக் தார்ன்பர்க், அசோசியேட்டட் பிரஸ்ஸின் முன்னாள் தலைவர் லூயி போக்கார்டி. 2005 ஜனவரி 10 அன்று வெளியான 224 பக்க அறிக்கை, தயாரிப்பிலும் பின்னர் நடந்த தற்காப்பிலும் கடுமையான குறைகளைப் பட்டியலிட்டது. அவசரமும் கண்மூடித்தனமான ஆர்வமும் அடிப்படை விதிகளை மீறச் செய்தன என்றது. லாக்ஹார்ட்டுடனான தொடர்பு, சார்பு இருப்பதான தோற்றத்தை உருவாக்கியது என்று கண்டித்தது. ஆனால் தொகுப்பில் ஈடுபட்டவர்கள் அரசியல் சார்பால்தான் இயங்கினார்கள் என்று குற்றம்சாட்டப் போதிய அடிப்படை இல்லை என்றும் சொன்னது. தாள்கள் போலி என்று உறுதியான தீர்ப்பும் அது வழங்கவில்லை.

இந்த இரண்டு தயக்கங்களுக்காகக் குழு இரு பக்கத்திலிருந்தும் தாக்கப்பட்டது. பழமைவாதிகள் இதை மூடிமறைப்பு என்றார்கள். மேப்ஸ் தரப்போ, போலி என்று நிரூபிக்க முடியாத தாள்களுக்காகத் தாங்கள் தண்டிக்கப்பட்டதாகக் கூறியது. தார்ன்பர்க் மூத்த புஷ்ஷின் அரசில் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர் என்பதையும் சுட்டிக்காட்டியது. விசாரித்தவர் மேலேயே சார்பு என்ற சந்தேகம் திரும்பியது தற்செயல் அல்ல. நோக்கத்தைத் தேடத் தொடங்கினால் அந்தத் தேடல் எந்த வாசலிலும் நிற்பதில்லை. என் மதிப்பீட்டில் குழு எடுத்த நிலை சரியானது. தாள் போலி என்று நிரூபிக்கும் பொறுப்பு நேயருக்கு இல்லை. உண்மை என்று காட்டும் பொறுப்பு அதை ஒளிபரப்பியவருக்கு உண்டு. அதைக் காட்ட முடியவில்லை என்பதோடு செய்தியியல் தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

நோக்கத்தைச் சார்ந்து ஆதாரக் குறைபாடு வருவதில்லை என்பதற்கு அதே ஆண்டிலேயே எதிர்த்திசை உதாரணம் ஒன்று இருக்கிறது. 2004 மே 26 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ ஆசிரியர் குழு, ஈராக்கின் பேரழிவு ஆயுதங்கள் பற்றித் தாங்கள் போருக்கு முன் வெளியிட்ட சில செய்திகளில் போதிய கறார்த்தன்மை இல்லை என்று ஒப்புக்கொண்டது. சதாம் ஆட்சியை வீழ்த்தத் துடித்த ஈராக்கிய நாடுகடந்தோரின் சொற்களை நம்பியதும், அவற்றை அமெரிக்க அதிகாரிகளின் ஆமோதிப்பைக் கொண்டு உறுதிசெய்துகொண்டதும் அதில் குறிப்பிடப்பட்டன. புஷ் அரசின் போர் வாதத்துக்கு அச்செய்திகள் உதவின. சிபிஎஸ் தொகுப்பு புஷ்ஷுக்கு எதிரானது. இரண்டிலும் குறை ஒன்றே: விருப்பமுள்ள தகவலாளர், அவரையே சுற்றிவரும் உறுதிப்படுத்தல், ஐயப்பட்டவர்களின் குரலுக்கு இடமின்மை. விளைவின் கனத்தைப் பார்த்தால் ஆயுதச் செய்திகளின் தவறு ஒப்பிட முடியாத அளவு பெரியது.

பின்விளைவுகள்

மேப்ஸ் பணிநீக்கம் செய்யப்பட்டார். மூத்த நிர்வாகிகள் மூவர் பதவி விலகும்படி கேட்கப்பட்டார்கள். செய்திப் பிரிவின் தலைவர் ஆண்ட்ரூ ஹேவர்ட் தொடர்ந்தார். ராதர் 2005 மார்ச் 9 அன்று மாலைச் செய்தியிலிருந்து விலகினார். 2006-இல் நிறுவனத்தை விட்டு வெளியேறினார். மறு ஆண்டு 7 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. செய்தித் தரத்தைக் கண்காணிக்க மூத்த துணைத் தலைவர் பதவி ஒன்றைச் சிபிஎஸ் புதிதாக உருவாக்கியது.

அதிகம் பேசப்படாத இழப்பு வேறு. செப்டம்பர் 8-க்கு முன், 1972-இல் ஒரு விமானி ஏன் மருத்துவப் பரிசோதனைக்குப் போகவில்லை, அதன்பின் அவர் கடமைகளை யார் கணக்கில் எடுத்தார்கள் என்ற கேள்விகள் அதிகாரபூர்வப் பதிவேடுகளின் அடிப்படையில் எழுந்திருந்தன. செப்டம்பர் 20-க்குப் பின் அந்தக் கேள்விகளை எழுப்பிய எவரும், போலித் தாள் கதையையா இன்னும் பேசுகிறீர்கள் என்ற எதிர்க்கேள்வியைச் சந்திக்க வேண்டியிருந்தது. ‘பாஸ்டன் குளோப்’ ஆராய்ந்த பதிவேடுகளில் ஒரு வரிகூட மாறவில்லை. அவற்றைப் பேச மட்டும், நவம்பர் 2 வாக்குப்பதிவு வரை, ஆளில்லாமல் போனது.